தேயிலை மலைக்குத் திரும்பும் சொந்தங்கள்

தொலைக்காட்சி அரங்கில் அரை மணி நேரத்தில் பேசித் தீராத தலைப்புகள் சில உண்டு. 'குடும்ப ஒன்றுகூடல் அவசியமா, வெட்டிச் செலவா?' என்பது அவற்றுள் ஒன்று. இளைஞர்கள் ஒரு பக்கம், பெரியவர்கள் மறுபக்கம் அமர்ந்து காரசாரமாகப் பேசுவார்கள். பேச வந்த பாட்டி அப்போதுதான் விஷயத்தின் வாசற்படிக்கு வந்திருப்பார், விளம்பர இடைவேளை வந்துவிடும். அங்கே விட்டுப் போனதைத்தான் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் தாத்தாவின் பெயர் தெரியும். அவருடைய அப்பாவின் பெயர்? அவருடைய அம்மாவின் பெயர்? அரங்கில் இந்தக் கேள்வியைக் கேட்டால் சட்டென்று ஓர் அமைதி விழும். பட்டதாரிகள், வழக்கறிஞர்கள், கணக்காய்வாளர்கள் எல்லாம் மேலே விளக்கைப் பார்ப்பார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் பெயர் அமைப்பே அப்படி. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் நிற்கிறது. பத்துத் தலைமுறை போனாலும் அது மாறாது. நமக்கோ அடையாளக் கார்டில் நம் பெயர், அடுத்து அப்பா பெயர், அவ்வளவுதான். நம் பிள்ளையின் கார்டில் தாத்தா பெயர் கழன்றுவிடும். மூன்றே தலைமுறையில் ஒரு மனிதரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் போகிறது. இதற்குத்தான் நம் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தார்கள். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆனது, பெயர்த்தி பேத்தி ஆனாள். இப்போது எண் கணிதம் பார்த்து, வாயில் நுழையாத எழுத்துகளைக் கூட்டிக் கழித்துப் பெயர் வைக்கிறோம். அந்த வழியும் அடைபட்டுவிட்டது. ஆகவே, பெயரை வாயால் சொல்லித்தான் கடத்த வேண்டும். சொல்ல ஆள் வேண்டும், கேட்க ஆள் வேண்டும், இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றுகூடல் என்பதன் அடிப்படைத் தேவை இதுதான்.

ஏன் கேமரன் மலை?

இந்தத் தலைப்புக்குக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நாட்டின் மற்ற தோட்டங்களில் பிறந்தவர்கள் திரும்பிப் போய்ப் பார்க்க நினைத்தால், பல நேரங்களில் அங்கே தோட்டமே இருப்பதில்லை. சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் இன்று தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் கோல்ப் திடல்களாகவும் ஆகிவிட்டன. தோட்டம் நிலைத்திருந்தாலும் மரம் நிலைப்பதில்லை. பால்மரத்தை ஏறக்குறைய 25, 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்துவிடுவார்கள், அல்லது செம்பனைக்கு மாற்றிவிடுவார்கள். தாத்தா பால் வெட்டிய மரத்தைப் பேரனுக்குக் காட்ட வழியில்லை.

தேயிலை அப்படியல்ல. கவாத்து செய்து பராமரித்தால் தேயிலைச் செடி நூறு ஆண்டுகளுக்கு மேலும் கொழுந்து தரும். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-ல் இந்த மலைப்பகுதியைக் குறித்து வைத்தார். ஆனால், காடு வெட்டித் தேயிலை பயிரிட்டது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான். 1929-ல் ஜே.ஏ.ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் பாரத் தேயிலைத் தோட்டம் உருவானது. ஹாபு வட்டாரத்தில் போ, ஃபேர்லி, பிரிஞ்சாங்கிற்கு மேலே சுங்கை பாலாஸ், வடக்கே புளூவேலி என்று சரிவுகள் பச்சையாயின. அந்தக் காலத்தில் நட்ட செடிகளில் பல இன்னும் கொழுந்து தந்துகொண்டிருக்கின்றன. "இந்தச் சரிவில்தான் உன் கொள்ளுப்பாட்டி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றார்" என்று ஒரு பிள்ளைக்குக் கைநீட்டிக் காட்டக்கூடிய இடம் மலேசியத் தமிழர்களுக்கு அதிகம் இல்லை. இது அப்படிப்பட்ட ஓர் இடம்.

அங்கே வேலை செய்யும் கைகள் மாறிவிட்டன என்பது வேறு விஷயம். விரலால் கிள்ளிய கொழுந்தைப் பிறகு கத்திரிக்கோல் வெட்டியது, இன்று இரண்டு பேர் பிடித்து நடக்கும் இயந்திரமும் வெட்டுகிறது. அதைப் பிடித்து நடப்பவர்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா எனப் பிற நாடுகளிலிருந்து வந்தவர்களே அதிகம். நம் பிள்ளைகள் ஈப்போவிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அது நல்லதுதான். குளிரில் அட்டைக்கடியோடு நின்ற அந்தப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதே அதற்காகத்தானே?

திருவிழாவா, விடுதி விருந்தா?

இப்போது ஒன்றுகூடல் என்றால் எப்படி நடக்கிறது? தங்கும் விடுதியில் மண்டபம் எடுக்கிறோம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. வாழ்த்துரை, கரோக்கே, அதிர்ஷ்டக் குலுக்கல், பஃபே உணவு, குழுப் படம். பிறகு புலனக் குழுவில் இருநூறு படங்கள். ஒரு குடும்பம் சிரித்து மகிழ்வதில் என்ன தவறு? தவறில்லை. ஆனால், மறுநாள் காலையில் அந்தக் குடும்பத்துப் பதினைந்து வயதுப் பெண்ணிடம் 'புதிதாக என்ன தெரிந்துகொண்டாய்?' என்று கேட்டுப் பாருங்கள். பெரியப்பாவுக்குப் பழைய எம்.ஜி.ஆர். பாட்டு நன்றாகப் பாட வரும் என்பாள்.

இதற்கு மாறான ஒன்று தோட்டத்துக் கோயில் திருவிழா. தோட்டத் தமிழர்களின் ஒன்றுகூடல் தொடக்கத்திலிருந்தே அதுதான், பெயர்தான் வேறு. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து தொழிலுக்காகப் பிரிந்த சொந்தங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். ஒவ்வொரு நாளும் ஒரு பிரிவினரின் அல்லது ஒரு குடும்பத்தின் உபயம். கரகம் யார் எடுப்பது, கூழ் எந்த வீட்டில் காய்ச்சுவது, வேப்பிலை யார் கொண்டுவருவது என்று ஆளுக்கொரு பொறுப்பு இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது அந்தப் பொறுப்பைத்தான். விடுதி மண்டபத்தில் பிள்ளைகள் விருந்தினர்கள். கோயிலில் அவர்கள் வேலைக்காரர்கள்! சந்தனம் அரைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த 'ஏன்' என்ற கேள்வியில்தான் சமயக் கல்வி தொடங்குகிறது. மேடையேறி நாற்பது நிமிடம் சொற்பொழிவு செய்தாலும் அந்த ஒரு கேள்வியை நாம் வரவழைக்க முடியாது. (இதை மேடையில் பேசிப் பிழைக்கும் நானே சொல்கிறேன்.)

ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'பெரியவர்கள் செய்தார்கள், நீயும் செய்' என்ற பதில் தோட்டத்தில் செல்லுபடியானது, ஏனென்றால் அங்கே எல்லா வீடுகளும் அதையே செய்தன. பட்டணத்தில் பிள்ளையின் பள்ளித் தோழர்கள் நான்கு சமயத்தவர்கள். அவர்களுக்கு அவன் விளக்கம் சொல்லியாக வேண்டும். ஆகவே கோயில் குருக்களையோ திருமுறை வகுப்பு ஆசிரியரையோ முன்கூட்டியே கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்வது பெற்றோரின் வீட்டுப்பாடம்.

குலதெய்வம் எங்கே?

அரங்கில் அதிகமாகக் கண் கலங்க வைக்கும் கேள்வி இது. 'எங்கள் குலதெய்வம் எது என்றே தெரியவில்லை. வீட்டில் நல்லது நடக்காததற்கு அதுதான் காரணம் என்கிறார்கள்' என்று பலர் வருந்துகிறார்கள். ஜோசியர் சொன்னார் என்று தமிழ்நாட்டுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டு, எந்த ஊருக்குப் போவது என்று தெரியாமல் நிற்பவர்களும் உண்டு.

தேடுவதற்குச் சில வழிகள் இருக்கின்றன. ஒன்றுகூடலில் மூத்தவர்களைச் சுற்றி அமர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

முதல் கேள்வியாகக் 'குலதெய்வம் எது?' என்று கேட்காதீர்கள். 'தெரியாதப்பா' என்று பதில் வந்து பேச்சு நின்றுவிடும். 'உங்கள் அப்பாவுக்கு முதல் மொட்டை எங்கே போட்டார்கள்? யார் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள்?' என்று கேளுங்கள். முதல் முடி இறக்குவது குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் என்பது வழக்கம். பத்துமலையில் மொட்டை போடும் பழக்கம் நமக்குப் பிறகு வந்தது. மூத்த தலைமுறை சொல்லும் இடம் ஊரைக் காட்டிக் கொடுக்கும்.

அடுத்து, பாட்டியை எப்படி அழைத்தார்கள் என்று கேளுங்கள். அப்பாவின் அம்மாவை 'அப்பத்தா' என்றால் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் என்று நினைக்கலாம். 'அப்பாயி' என்றால் திருச்சி, புதுக்கோட்டை பக்கம். அம்மாவின் அம்மா 'அம்முச்சி' என்றால் கொங்குநாடு. 'ஆயா' என்றால் வட மாவட்டங்களாக இருக்கலாம். இது சாட்சி ஆகாது, தடயம் மட்டும்தான். தோட்டத்தில் பல ஊர்க்காரர்கள் கலந்து கல்யாணம் கட்டியதால் சொற்களும் கலந்திருக்கும்.

மூன்றாவது, பழைய கடிதங்கள். தகரப் பெட்டியின் அடியில் நீல நிற விமானத் தபால் ஒன்றாவது கிடக்கும். அதில் ஊர், தபால் நிலையம், தாலுகா, ஜில்லா எல்லாம் எழுதியிருப்பார்கள். ஆனால், அந்த ஜில்லா இன்று வரைபடத்தில் இருக்காது! 'தென்னாற்காடு ஜில்லா' 1993-ல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து 2019-ல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. வடஆற்காடு 1989-ல் வேலூர்ப் பக்கம் ஒன்று, திருவண்ணாமலைப் பக்கம் ஒன்று என்று பிரிந்தது. சேலத்திலிருந்து 1997-ல் நாமக்கல் தனியானது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் ஆற்காடு ஊரிலேயே இரண்டு நாள் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: 'மலைக்கு வருவதற்கு முன் எந்தத் தோட்டத்தில் இருந்தோம்?' காரணம் சொல்கிறேன். கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1930-ல் உலகப் பொருளாதார மந்தத்தால் தடைபட்டது. பிறகு மீண்டும் தொடங்கி, 1938-ல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிந்தது. போ தோட்டம் பிறந்ததோ 1929-ல். அதாவது, தமிழ்நாட்டிலிருந்து நேராகக் கேமரன் மலைக்குக் கங்காணி வழியாக வந்திருக்கக் கிடைத்த காலம் மிகக் குறுகியது. கப்பலில் பினாங்கு இறங்கி, பேராக்கிலோ வேறெங்கோ பால் வெட்டிவிட்டுப் பிறகு மலையேறிய குடும்பங்கள் பல இருக்க வேண்டும். அந்த முந்தைய தோட்டத்தின் பெயர் தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் இருக்கலாம், பள்ளிச் சேர்க்கைப் பதிவிலும் இருக்கலாம். 1951-ல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் பழைய அட்டைகளையும் தூக்கி எறியாதீர்கள். அதில் முதலாளி பெயர் இருக்கும். கிராணிமார் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துப் பிழைகள் இருக்கும், அவற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேடியும் கிடைக்கவில்லையா? இங்கே என் கருத்தைச் சொல்கிறேன், ஏற்காதவர்கள் எழுதுங்கள். ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள் குலதெய்வக் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சென்று, போன இடத்தில் வைத்துக் கும்பிடும் 'பிடிமண்' வழக்கம் தமிழ்நாட்டிலேயே உண்டு. தெய்வம் இடம் பெயரும் என்பதை நம் மரபு ஒப்புக்கொள்கிறது. கல்லை நட்டு, சூலத்தைக் குத்தி, முனீஸ்வரனையும் மதுரை வீரனையும் மாரியம்மனையும் தோட்டத்தில் வைத்தவர்கள் விளையாட்டுக்கு வைக்கவில்லை. நான்கு தலைமுறைக்குப் பிரசவமும் காய்ச்சலும் கல்யாணமும் அந்த அம்மன் முன்னால்தான் முறையிடப்பட்டன. மலைத் தோட்டத்து மாரியே உங்கள் குலதெய்வம் என்று வைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. ஜோசியருக்குப் பயந்து அலைய வேண்டாம்.

படையல் நாள்

தீபாவளிக்கு முதல்நாள் முன்னோருக்குப் படையல் போடுவது நம் நாட்டுத் தமிழர் குடும்பங்களில் பரவலாக இருக்கும் வழக்கம். இறந்தவர் விரும்பியதை வாழை இலையில் வைப்பார்கள். சுருட்டு இருக்கும், வெற்றிலை இருக்கும், சில வீடுகளில் ஒரு கிளாஸ் 'தண்ணி'யும் இருக்கும். கேமரன் குளிரில் வாழ்ந்தவருக்குக் கடுந்தேநீரும் இருக்கும். குழந்தைகளுக்கு இது பெரிய வேடிக்கை. 'தாத்தா வந்து குடிப்பாரா?' என்பார்கள்.

சொந்தங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கூடும் நாள் ஆண்டில் இது ஒன்றுதான் என்ற குடும்பங்கள் பல. மண்டபம் எடுக்க வேண்டாம், சட்டை தைக்க வேண்டாம். சூடம் காட்டும்போது படத்தில் இருப்பவர்களின் பெயர்களை ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் திரும்பச் சொல்லட்டும். பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று எதுவரை தெரியுமோ அதுவரை. பாட்டிகளையும் சேர்த்துத்தான்! பெண்களின் பெயர்கள்தாம் முதலில் மறைகின்றன. 'இன்னார் மனைவி' என்றே நாற்பது ஆண்டுகள் பெரட்டில் நின்றவர்கள் அவர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். இன்று ஒரே குடும்பத்தில் இந்துவும் கிறித்துவரும் இருக்கிறார்கள். திருமணத்தால் இஸ்லாத்தைத் தழுவிய அண்ணனோ தங்கையோ இருக்கலாம். தோட்டத்திலேயே மாரியம்மன் கோயிலும் தேவாலயமும் அருகருகே இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நம் பெரியவர்கள். ஆனாலும் 'அவன் வந்தால் நான் வரமாட்டேன்' என்ற பேச்சு ஒன்றுகூடலுக்கு ஒரு வாரம் முன்பு கிளம்பும். சூடத்தைத் தொட்டுக் கும்பிட ஒருவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம், அவரும் மற்றவர்களின் வழிபாட்டைக் குறை சொல்ல வேண்டாம். ஹலால் சமையல் ஒரு பக்கம் தனியாக நடக்கட்டும். தாத்தாவின் கதையைக் கேட்க எல்லாப் பேரப்பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு. சமயம் மாறியவரின் பிள்ளைக்குத்தான் அந்தக் கதையை வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

கடல் கடந்த பாதி

நம் ஒன்றுகூடல்களில் எப்போதும் ஒரு பாதி வராமல் போகிறது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாத தொழிலாளர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் ஏராளம். ரஜூலா கப்பல் 1973-ல் ஓய்வு பெற்றது. அடுத்து ஓடிய எம்.வி.சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. சாதாரணத் தொழிலாளி சென்றுவரக்கூடிய கட்டணத்தில் இருந்த கப்பல் பயணம் அதோடு முடிந்தது. கடிதங்களும் குறைந்தன.

இலங்கை மலையகத்தில் இந்தப் பிரிவு இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். 2023-ல் மலையகத் தமிழர்கள் இலங்கைக்கு வந்த 200-ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த பாதையில் நடந்தார்கள். தாத்தா நடந்த தூரத்தைக் காலால் அறிந்துகொள்வது எவ்வளவு பெரிய பாடம்! நம் பிள்ளைகளும் தாப்பாவிலிருந்து ஏறும் அந்தப் பழைய சாலையில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியருகே இறங்கி, கொஞ்ச தூரமாவது நடக்கலாம். வளைவுகளில் லாரி வரும், கவனம் தேவை.

இந்த ஆண்டே ஏன்?

தோட்டத்து வீடு வேலையோடு வருவது. வேலை முடிந்தால் வீட்டை விட வேண்டும் என்பதே நாடு முழுவதும் தோட்டங்களில் இருந்துவந்த வழக்கம். சட்டப்படி குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 முதல் 60. அம்மாவோ சித்தப்பாவோ தோட்டத்தில் இருக்கும்வரை நமக்குப் போய் இறங்க ஒரு வாசல் உண்டு. அவர்கள் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ குடிவந்த பிறகு நாமும் சுற்றுப்பயணிகள்தாம். காரை நிறுத்தி, படம் எடுத்து, ஸ்ட்ராபெர்ரி வாங்கிக்கொண்டு திரும்புவோம். மலையில் கடைசி வாசல் திறந்திருக்கும் குடும்பங்கள் அடுத்த பள்ளி விடுமுறைக்கே நாள் குறித்துவிடுவது நல்லது. விடுமுறையில் மலைச்சாலை நெரிசல் தெரிந்ததுதான், வார நாளாகப் பாருங்கள். தோட்டம் தனியார் இடம் என்பதால் லயங்களையும் பழைய ஆயாக் கொட்டகையையும் பார்க்க நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். கோயிலுக்கு வருகிறோம் என்று ஆலயப் பொறுப்பாளர்களிடமும் சொல்லி வையுங்கள். உபயதாரர் பெயர்ப் பலகையில் தாத்தாவின் பெயர் இருக்கிறதா என்று தேடுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். இடுகாட்டுக்கும் ஒருமுறை போய்வாருங்கள்.

போகும்போது கைப்பேசியில் மூத்தவரின் குரலைப் பதிவு செய்ய மறக்காதீர்கள். தாலாட்டோ ஒப்பாரியோ தெரிந்தால் பாடச் சொல்லுங்கள். முதலில் வெட்கப்படுவார், தேநீர் கொடுத்துக் காத்திருங்கள். படம் பிடிக்கும் கேமராவை முகத்துக்கு நேராக நீட்டாதீர்கள், பேச்சு மாறிவிடும். இதை என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன். பழைய புகைப்படங்களை மேசையில் பரப்பி, யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு பேரப்பிள்ளை பின்புறத்தில் எழுதட்டும். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனா மை சில ஆண்டுகளில் முன்பக்கம் ஊறி முகத்தைக் கெடுத்துவிடும்.